கணினி காட்டிய கணக்கு



சென்ற கிழமை எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாயார். அவர் கூறுவது இது:

"என் மகள் க. பொ. த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்து வீட்டிலிருக்கிறாள். இந்த இடைக்காலத்தில், கல்லூரி ஒன்று இணையவழியாக நடத்தும் விரிதாட் பாடநெறியிற் சேர விரும்புகிறாள். அவளோடு நானும் சேர்ந்து கற்றால் என்ன என்று எனக்கும் ஓர் ஆசை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வீட்டிலுள்ளோர் சிரிக்கின்றனர். அடுப்படியில் நிற்பவளுக்குக் கணினிக் கணக்கு எதற்கு என்று என் கணவர் கேட்கிறார். தங்கள் அபிப்பிராயம் யாது?"

அம்மா, என் அபிப்பிராயத்தை ஒரே சொல்லிற் கூறிவிடலாம்: சேருங்கள். ஆயினும், சேருமுன் என் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐம்பத்தாறாம் வயதில் நானும் அத்தகைய பாடநெறி ஒன்றிற் சேர்ந்தேன். அங்கே பெற்ற அரைகுறைக் கல்வியைக் கொண்டு, குற்றமற்ற ஒரு பெண்மணியைப் பலர் முன்னிலையில் தலைகுனியச் செய்தேன். பின்னர் அதே கல்விதான் என் பிழையை எனக்குக் காட்டியது. இவ்விரண்டில் ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது உங்களுக்குச் செய்யும் வஞ்சனையாகும்; ஆதலால் இரண்டையும் எழுதுகிறேன்.

விரிதாள் என்பது யாது?

விரிதாள் என்னும் பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. நம் பாட்டிமார் பாற்கணக்கு எழுதிய கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்புறத்தில் திகதி, அடுத்துக் காலைப்பால், மாலைப்பால், அதற்கடுத்து ஒரு போத்தலின் விலை, ஈற்றில் தொகை. குறுக்கே செல்லும் வரிசைக்கு நிரை என்று பெயர். மேலிருந்து கீழே இறங்கும் வரிசைக்கு நிரல் என்று பெயர். நிரையும் நிரலும் சந்திக்கும் சிறு கட்டம் கலம் எனப்படும். பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகளுக்கு இச்சொற்கள் நன்கு தெரியும்.

விரிதாளும் இதே கட்டம் போட்ட கொப்பிதான். ஒரேயொரு வேற்றுமை உண்டு. தொகை எழுதவேண்டிய கலத்தில் நாம் தொகையை எழுதுவதில்லை. "இந்தக் கலத்தையும் அந்தக் கலத்தையும் பெருக்கு", "இதிலிருந்து இதுவரை கூட்டு" என்று கட்டளையை எழுதுகிறோம். அக்கட்டளைக்குச் சூத்திரம் என்று பெயர். பாலின் விலை ஏறினால், விலையை ஓரிடத்தில் மாற்றினாற் போதும். அதைச் சார்ந்த தொகைகள் யாவும் கண்ணிமைக்கும் நேரத்தில் தாமே மாறிவிடும்.

இக்கருவி பிறந்த கதையும் ஒரு வகுப்பறையிலேயே தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டில் டான் பிரிக்லின் என்பவர் அமெரிக்காவின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் மாணவராக இருந்தார். அங்கே ஆசிரியர் கரும்பலகையில் பெரிய அட்டவணையை எழுதிக் கணக்குகளை விளக்குவது வழக்கம். ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்து மீண்டும் எழுதவேண்டியிருந்தது. இந்தக் கரும்பலகை தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாயின் எத்துணை நன்று என்று அம்மாணவர் எண்ணினார். பொப் ஃபிராங்ஸ்டன் என்னும் நண்பர் துணைநின்று நிரலாக்கம் செய்ய, 1979இல் "விசிகல்க்" என்னும் மென்பொருள் ஆப்பிள் இரண்டு என்ற சிறு கணினிக்காக விற்பனைக்கு வந்தது. 1983இல் "லோட்டஸ் 1-2-3" வந்தது. 1985இல் மக்கின்டோஷ் கணினிக்கும், 1987இல் விண்டோஸுக்குமாக "எக்ஸெல்" வந்தது. இன்று எக்ஸெல் தாள் ஒன்றில் 1,048,576 நிரைகளும் 16,384 நிரல்களும் உள்ளன. ஒரு குடும்பத்தின் வரவு செலவுக்கு நாற்பது நிரைகள் போதும். மற்றவற்றைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

இரவு வகுப்பு

வலிகாமத்திலுள்ள எங்கள் சிற்றூரில் மாதர் சங்கம் ஒன்று உண்டு. முப்பத்தெட்டு அங்கத்தவர்கள். ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் சேமிப்பு. மரணம், நோய், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அந்நிதியிலிருந்து உதவி செய்வோம். நான் அதன் காரியதரிசி. கணக்கைக் கணினியில் வைத்துக்கொண்டால் அறிக்கைகள் தயாரிப்பது இலகுவாகும் என்று பலரும் சொல்லவே, கல்லூரி ஒன்றின் இணையவழிப் பாடநெறியிற் சேர்ந்தேன். பன்னிரண்டு கிழமைகள். கிழமைக்கு மூன்று ஒளிப்பதிவுப் பாடங்கள், ஒரு பயிற்சி, ஒரு சிறு சோதனை.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பின்னர், மகனுடைய பழைய மடிக்கணினியின் முன் அமர்வேன். முதற்கிழமை முழுவதும் சுட்டியைப் பிடிக்கப் பழகுவதிலேயே கழிந்தது. என் கை வலப்புறம் போனால் அம்புக்குறி எங்கேயோ போயிற்று. மருமகள் அருகிலிருந்து பொறுமையுடன் உதவினாள். அவளுக்கு நான் சமையல் பழக்கிய காலத்தில் இத்தனை பொறுமை காட்டினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இணையவழிக் கல்வியில் ஒரு பெரிய வசதி உண்டு. நேரில் ஓர் ஆசிரியரிடம் ஒரே விஷயத்தை ஏழு முறை கேட்க எவருக்கும் வெட்கமாக இருக்கும். பதிவு செய்யப்பட்ட பாடத்துக்கோ அலுப்பென்பது இல்லை. நிறுத்தி, பின்னே சென்று, மீண்டும் மீண்டும் கேட்கலாம். ஆனால் அதற்கு ஈடான ஒரு குறையும் உண்டு. வகுப்பறையில் நாம் விளங்காமல் விழித்தால் ஆசிரியர் நம் முகத்தைக் கண்டு அறிந்துகொள்வார். "எல்லாம் விளங்கிவிட்டது" என்று நாம் தலைக்கனத்தோடு இருந்தாலும் கண்டுகொள்வார். திரையிலுள்ள ஆசிரியர் நம் முகத்தைக் காணார்.

நான்காம் கிழமையில், ஒரு நிரலிலுள்ள எண்களைக் கூட்டும் சூத்திரத்தைக் கற்றேன். அதற்குச் "சம்" என்று பெயர். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டிவிட்டால் இடையிலுள்ளவை யாவும் கூட்டப்படும். அதைக் கண்ட அன்று எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. ஐந்தாம் பாடம் வரும்வரை பொறுத்திருக்க மனம் வரவில்லை. அக்கிழமையே சங்கத்தின் ஓராண்டுக் கணக்கையும் விரிதாளில் ஏற்றத் தொடங்கினேன்.

பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்

எங்கள் சங்கத்தின் தனாதிகாரி எழுபத்தொரு வயதான ஒரு விதவைத் தாய். ஊரில் எல்லோரும் அவரை "அக்கா" என்றே அழைப்போம். பதினேழு ஆண்டுகளாகச் சீ. ஆர். கொப்பி ஒன்றில் நீல மையால் வரவையும் சிவப்பு மையால் செலவையும் எழுதிவருபவர். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கமாட்டார். இதனால் அவரிடம் மனத்தாங்கல் கொண்டவர்களும் சிலர் இருந்தனர்.

அவருடைய கொப்பியை வாங்கி வந்து இரண்டு இரவுகள் இருந்து கணக்கைப் பதிந்தேன். முன்னாண்டு மீதி 41,250 ரூபாய். ஆண்டுச் சேமிப்பு 228,000. ஆக வரவு 269,250. செலவுப் பக்கத்தில் அறுபத்தொரு பதிவுகள் இருந்தன. அவற்றைக் கூட்டுமாறு கட்டளையிட்டேன். 178,650 என்று விடை வந்தது. அப்படியாயின் மீதி 90,600 இருக்கவேண்டும். ஆனால் வங்கியில் இருந்தது 64,350. அக்காவின் கையில் இருந்தது 7,500. ஆக 71,850 மாத்திரமே. 18,750 ரூபாய் குறைந்தது.

இவ்விடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே. அக்காவின் கொப்பியிலுள்ள செலவை ஒருமுறை கையாற் கூட்டிப் பார்த்திருக்கவேண்டும். அரைமணி நேர வேலை. அதைச் செய்யவில்லை. கணினி கூட்டிய பின் கை எதற்கு என்ற மமதை என் கண்ணை மறைத்தது. தாளை அச்சிட்டு, கோடுகளுக்கு நிறமும் ஊட்டி, ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குக் கொண்டுசென்றேன். அக்காவிடம் தனியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. "ஒரு வித்தியாசம் வருகிறது" என்று எல்லோர் முன்னிலையிலும் வாசித்தேன்.

மண்டபம் அமைதியாயிற்று. அக்கா தம் கொப்பியைத் திறந்து, "செலவு 197,400 எண்டு இதிலை கிடக்கு, பிள்ளை. நீ இன்னொருக்கால் பார்" என்றார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "கொம்பியூட்டர் பொய் சொல்லுமே?"

அக்கேள்விக்கு எவரும் மறுமொழி கூறவில்லை. நானும் கூறவில்லை. அக்கா ஒருகணம் என்னைப் பார்த்தார். பின்னர் மடியிலிருந்த பெட்டித் திறப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கொப்பியை மாத்திரம் அணைத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கிச் சென்றார். பதினேழு ஆண்டுகளாக அவர் மடியில் இருந்த திறப்பு அது.

ஐந்தாம் பாடம்

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து சென்று மடிக்கணினியைத் திறந்தேன். ஐந்தாம் கிழமைப் பாடம் வந்திருந்தது. மனத்தை வேறு வழியில் திருப்பலாம் என்றெண்ணி அதைக் கேட்கத் தொடங்கினேன்.

என் இளைய மகனின் வயதையொத்த அவ்வாசிரியர் கூறியதன் சாரம் இது. விரிதாளின் கலத்தில் நாம் இடுவது எண்ணாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். நம் கண்ணுக்கு எண்ணாகத் தோன்றுவதெல்லாம் கணினிக்கு எண்ணன்று. இலக்கங்களோடு வேறு குறிகளைச் சேர்த்துவிட்டால் அது எழுத்தாகிவிடும். எழுத்தைச் "சம்" என்னும் சூத்திரம் கூட்டாது. பிழையென்று அறிவிக்கவும் மாட்டாது. அந்தக் கலம் வெறுமையாக இருப்பதாகக் கருதித் தாண்டிச் சென்றுவிடும். வழக்கமாக எண் கலத்தின் வலப்புறத்திலும் எழுத்து இடப்புறத்திலும் நிற்கும். அதைக்கொண்டு வேறுபாட்டை அறியலாம். இன்னொரு வழியும் உண்டு. "கவுண்ட்" என்ற சூத்திரம் எண்ணுள்ள கலங்களை மாத்திரம் எண்ணும். "கவுண்ட்-ஏ" என்ற சூத்திரம் வெறுமையல்லாத எல்லாக் கலங்களையும் எண்ணும். இரண்டும் ஒத்துவந்தால் கூட்டலாம்; ஒவ்வாவிடின் எங்கோ ஓர் எழுத்து எண்ணின் வேடம் பூண்டு நிற்கிறது என்று அறிக.

எனக்கு மார்பு படபடத்தது. சங்கத்தின் தாளைத் திறந்தேன். செலவு நிரலுக்கு இவ்விரு சூத்திரங்களையும் இட்டேன். ஒன்று 61 என்றது. மற்றது 58 என்றது.

மூன்று கலங்கள்! ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசி மூன்றிலும் இருந்தது பிழை. மரணச் சகாயம் 8,500/=. அப்பியாசக் கொப்பிகள் 6,250/=. மண்டபத்துக் கூரை திருத்தம் 4,000/=. கூட்டினால் 18,750.

ரூபாயை எழுதினால் ஈற்றில் ஒரு சாய்கோடும் சமக்குறியும் இடுவது நம் நாட்டு வழக்கம். எண்ணின் பின்னால் எவரும் இன்னோர் இலக்கத்தைச் சேர்த்துவிடாதபடி காக்கும் வேலி அது. அக்கா ஒவ்வொரு பதிவிலும் அதைத் தவறாமல் இட்டிருந்தார். முதல் ஐம்பத்தெட்டுப் பதிவுகளையும் வெறும் எண்ணாக ஏற்றிய நான், இரண்டாம் இரவின் தூக்கக் கலக்கத்தில் கடைசி மூன்றையும் கொப்பியில் இருந்தவாறே குறியோடு பதிந்திருக்கிறேன். பிறந்த நாளிலிருந்து அக்குறியைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது வித்தியாசமாகத் தோன்றவில்லை. எழுத்து இடப்புறம் ஒதுங்கி நின்றாவது என்னை எச்சரித்திருக்கும். அதற்கும் நான் இடம் வைக்கவில்லை. தாள் அழகாக இருக்கவேண்டுமென்று எல்லா எண்களையும் கலத்தின் நடுவிலே நிற்கும்படி செய்திருந்தேன். களவைத் தடுக்க அக்கா இட்ட குறி, என் கையில் அக்காவையே கள்ளியாக்கிற்று.

பொழுது புலருமுன் அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கணக்கு நேராய் வந்ததே?" என்று கேட்டார்.

"வந்தது, அக்கா. உங்கள் கொப்பி சரி. பிழை என்னுடையது. என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "நீ எனக்கு வந்து சொல்லிப்போட்டாய். அவைக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். பலர் முன்னிலையில் விளைத்த பழியைப் படலையடியிற் கழுவிவிட முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டத்தைக் கூட்டினோம். பிழையான தாளையும் திருத்திய தாளையும் அருகருகே வைத்து, எந்த மூன்று கலங்களில் எவ்வாறு தவறினேன் என்பதை ஒன்றும் விடாமல் விளக்கினேன். திறப்பை என் கையால் அக்காவிடம் கொடுத்தேன். "கொம்பியூட்டர் பொய் சொல்லுமே" என்று கேட்ட அம்மையாரே எழுந்து வந்து அக்காவின் கையைப் பற்றிக்கொண்டார். ஆயினும் அந்த இடைப்பட்ட ஒரு கிழமை அக்காவுக்கு எப்படிக் கழிந்தது என்பதை நான் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை.

பெரியோரும் தவறிய இடம்

இது கிராமத்துப் பெண்ணொருத்தியின் பேதைமை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2010ஆம் ஆண்டில் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகொஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியலறிஞர் இருவர், நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடன் மிகுந்த நாடுகளின் வளர்ச்சி குன்றும் என்பது அதன் முடிபு. அரசாங்கங்கள் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியோர் பலர் அதனை ஆதாரமாகக் காட்டினர். 2013இல், மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹேர்ண்டன் என்னும் மாணவர், அவர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்றுப் பரிசோதித்தார். சராசரி காணும் சூத்திரம் இருபது நாடுகளையும் உள்ளடக்கவில்லை. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. மாணவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் இதனையும், கணிப்பு முறையில் தாம் கண்ட வேறு குறைகளையும் திருத்திக் கணக்கிட்டபோது, மிகுந்த கடனுடைய நாடுகளின் சராசரி வளர்ச்சி முன்னர் கூறப்பட்ட -0.1 வீதம் அன்று, 2.2 வீதம் என்று விடை வந்தது. சூத்திரத்திற் பிழை நேர்ந்ததை அறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். எனினும் தம் பிரதான கருத்து மாறாது என்றனர்.

2020இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதனினும் கவலைக்குரியது. கொரோனாத் தொற்றாளரின் விபரங்களைப் பழைய வகைக் கோப்புகளில் ஏற்றினர். அவ்வகைத் தாளில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பிய பின் வந்த பெயர்கள் வெளியே நின்றுவிட்டன. செப்டம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கிற் சேராது போயினர். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதித்தது.

இம்மூன்று இடங்களிலும் கணினி தன் கடமையைத் தவறாமற் செய்தது. சொன்னதைச் செய்தது, சொல்லாததைச் செய்யவில்லை. பிழை, அதன் விடையைக் கண்டவுடன் கேள்வி கேட்பதை நிறுத்திய மனிதரிடமே இருந்தது. கிறுக்கிய கையெழுத்திலுள்ள கூட்டலைக் கண்டால் நாம் இருமுறை பார்க்கிறோம். நேரான கோடுகளுக்குள் அச்சில் வந்த கூட்டலைக் கண்டால் தலைவணங்குகிறோம். விரிதாள் கற்போர் முதலிற் கைவிட வேண்டியது இவ்வணக்கத்தைத்தான்.

கற்போர் கவனத்துக்கு

கடிதம் எழுதிய தாயாருக்கும் அவர் மகளுக்கும், என் அனுபவத்திற் கண்ட சில யோசனைகளைக் கூறுகிறேன்.

1. தொகை எழுதும் கலத்தில் எண்ணை மாத்திரம் எழுதுங்கள். "ரூபாய்" என்பதை நிரலின் தலைப்பில் ஒருமுறை எழுதினாற் போதும்.

2. எண்களை நடுவிலே நிறுத்தி அழகு பார்க்க வேண்டாம். அவை தம் இயல்பில் வலப்புறம் நிற்கட்டும். இடப்புறம் ஒதுங்கி நிற்பதைக் கண்டாற் சந்தேகியுங்கள்.

3. கூட்டுமுன் எண்ணுங்கள். கொப்பியில் எத்தனை பதிவுகளோ, தாளிலும் அத்தனை எண்கள் இருக்கவேண்டும்.

4. நிரைவழி கூட்டிய மொத்தமும் நிரல்வழி கூட்டிய மொத்தமும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். பழைய கணக்குப்பிள்ளைமார் பேரேட்டைச் சரிபார்த்த முறை இதுவே.

5. நாம் திகதியை நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் எழுதுவோம். அமெரிக்க முறையில் அமைந்த கணினி மாதத்தை முதலிற் கொள்ளும். ஏப்ரல் 5 என நாம் எழுதியது அதற்கு மே 4 ஆகிவிடக்கூடும். ஆதலால் மாதத்தை எழுத்தால் எழுதுவது நலம்.

6. சூத்திரத்தைப் பெரிய கணக்கிற் பிரயோகிக்குமுன், விடை தெரிந்த சிறு கணக்கொன்றில் இட்டுப் பாருங்கள்.

7. கணினியில் ஏற்றிவிட்டோம் என்று கொப்பியை எறிந்துவிடாதீர்கள். விடைகள் மாறுபட்டால், இரண்டையும் சரிபார்க்கும்வரை எந்த மனிதரையும் சந்தேகியாதீர்கள். இந்த ஏழாவது யோசனைக்கு நான் கொடுத்த விலையை அறிவீர்கள்.

பாடநெறியைத் தெரிவு செய்யும்போதும் அவதானம் வேண்டும். ஒளிப்பதிவுகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். நீங்கள் செய்யும் பயிற்சியை ஒருவர் பார்த்துத் திருத்துவாரா, சந்தேகம் கேட்டால் மறுமொழி தருவாரா என்பவற்றை முதலில் விசாரியுங்கள். மகள் தொழிலுக்காகச் சான்றிதழ் பெற விரும்பினால், அந்நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா, அப்பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்துங்கள். பயிற்சிக்காக விலையுயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. "லிப்ரே ஒஃபிஸ்" என்னும் தொகுதியிலுள்ள "கல்க்" இலவசமாகக் கிடைக்கிறது. கூகுளின் விரிதாளும் தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசமே. கைத்தொலைபேசியிலும் அதைப் பார்க்கலாம். எனினும் கற்கும் காலத்தில் பெரிய திரையும் விசைப்பலகையும் இருந்தால் கண்ணுக்கும் கைக்கும் இதம்.

அடுப்படியில் நிற்பவளுக்குக் கணினிக் கணக்கு எதற்கு என்று கேட்ட அன்பர்க்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் பணம் எத்தனை நாளைக்குப் போதும், எந்தக் கடனை முதலிற் தீர்க்கவேண்டும், சீட்டுப் பணத்தை எதற்கு ஒதுக்கவேண்டும் என்பவற்றை அடுப்படியில் நின்றவாறே மனத்திற் கூட்டிக் கழிப்பவள் அவள்தான். மனக்கணக்கில் அவளுக்குப் பயிற்சி போதியளவு உண்டு. அதைக் கண்முன்னே விரித்துப் பார்க்க ஒரு தாள் கிடைத்தால், அந்த நன்மையிற் பாதி தங்களையே சேரும்.

தாயும் மகளும் ஒன்றாகக் கற்பதில் இன்னொரு நயமும் உண்டு. மகளுடைய விரல் விரைவாக ஓடும். தாயாருக்கோ, மூன்று கிலோ சீனியின் விலை முப்பதாயிரம் என்று தாள் காட்டினால், "இதென்ன புதினம்" என்று உடனே கேட்கத் தெரியும். விரைவும் வேண்டும், அக்கேள்வியும் வேண்டும். ஒருவரிடம் இரண்டும் அமைவது அரிது.

எங்கள் சங்கக் கணக்கு இப்பொழுதும் விரிதாளில்தான் இருக்கிறது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில் அக்கா என் வீட்டுக்கு வருவார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சீ. ஆர். கொப்பியிலிருந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் பதிவேன். முடிந்ததும் நான் திரையிலிருந்து வாசிப்பேன். அவர் கொப்பியில் பென்சிலாற் சரி போடுவார். இறுதித் தொகை இரண்டிலும் ஒத்துவந்த பின்னரே தேநீர். சென்ற மாதம் நான் கூட்டற் சூத்திரத்தை இடப்போகும் வேளையில் அவர் என் கையைத் தடுத்தார்.

"முதலிலை எண்ணு, பிள்ளை" என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது. பிறகு கூட்டினேன்.

அடுத்த ஞாயிறு மீண்டும் சந்திப்போம். வணக்கம்.